ஆறு முறை பார்த்த காசு

நீதிபதி தம் ஆயுளில் கொடுத்த தீர்ப்புகளில் ஒன்றே ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். கடைசியில் அதுதான் அவரைச் சாப்பிட விடாமலும் சிரிக்க விடாமலும் பண்ணியது.

நீதிபதி என்றதும் கறுப்புக் கோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நூலகத்து மாடியில் கூடும் நாணயச் சங்கத்தில்தான் அவர் நீதிபதி. யாராவது ஒரு வெளிநாட்டுக் காசை மேசைமேல் வைத்து, இது அபூர்வமா என்று கேட்டால் போதும், சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுப்பார். இரண்டு முகத்தையும் பார்ப்பார், விளிம்பைச் சுற்றிப் பார்ப்பார், கொஞ்ச நேரம் கூரையையும் பார்ப்பார். அப்புறம் ஒரே போடாகப் போடுவார். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

ராஜா காலத்துக் காசு எதுவும் அவருக்குப் பிடிக்காது. நேற்று முந்தாநாள் வரை மக்கள் பையில் குலுங்கிய சில்லறைதான் வேண்டும். சங்கத்தில் மற்றவர்கள் தலையணைப் பருமனில் ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். எந்த நாடு எந்த வருஷம் எத்தனை காசு அடித்தது என்று அதில் இருக்கும். குறைவாக அடித்திருந்தால் அபூர்வம், நிறைய அடித்திருந்தால் மலிவு, அவ்வளவுதான் அவர்களுடைய ஞானம். நீதிபதிக்கு அந்தக் கணக்கைக் கண்டாலே இளக்காரம். சேகரிப்பவர்களுக்கென்றே ஐயாயிரம் மட்டும் அடித்த காசு, ஐயாயிரமும் வெல்வெட் பெட்டிக்குள் சௌக்கியமாகத் தூங்குகிறது, கேட்டால் நாளைக்கே கிடைக்கும். கோடிக்கணக்கில் அடித்த சில்லறையோ கைமாறிக் கைமாறித் தேய்ந்து உலைக்குப் போய்விடுகிறது. அதில் பளபளப்பு மாறாத ஒன்றைத் தேடினால் நாக்குத் தள்ளிவிடும். ஆகவே எத்தனை பிறந்தது என்று பார்க்காதீர்கள், எத்தனை கண்ணில் படுகிறது என்று பாருங்கள் என்பார்.

அவரும் அப்படித்தான் பார்த்தார். இணையத்து ஏலமோ வியாபாரியின் தட்டோ, ஒரு காசு எங்கே தலைகாட்டினாலும் படத்தை எடுத்துக் கணினியில் போட்டுவிடுவார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்தால் அவசரமில்லை, அடுத்தது வரும். ஐந்து வருஷத்துக்கு ஒன்று என்றால் கட்டியிருக்கிற கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாவது வாங்கிவிட வேண்டும். இதுதான் அவருடைய சட்டப் புத்தகம்.

அவர் மனைவியின் தம்பியைச் சங்கத்தில் லிஃப்ட் என்று கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக் என்பதால் அந்தப் பெயர். அத்தானைப் பார்த்துத்தான் அவன் காசு சேர்க்கத் தொடங்கினான். அத்தான் பேசினால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். ஆனால் ஒரு பக்கம் புரட்டிப் படிக்கமாட்டான். பழைய சாமான் கடையிலிருந்து வெளிநாட்டுச் சில்லறையைக் கிலோக் கணக்கில் அள்ளிவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டுவான். கையை விட்டால் ஏதாவது ஒன்று தேறும். கைராசி அப்படி. அத்தான் மாதக்கணக்கில் மோப்பம் பிடித்துத் திரிந்த காசு அவன் மேசையில் கிரீஸ் பிசுக்கோடு கிடக்கும்.

அதையும் அவன் வைத்துக்கொள்ள மாட்டான். உங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும் என்று சொல்லி அத்தானிடமே கொடுத்துவிடுவான். அவன் கொஞ்சம் கஞ்சனாக இருந்திருந்தால் இவ்வளவு வினை வந்திருக்காது. ஒவ்வொரு தடவை கை நீட்டி வாங்கிக்கொள்ளும்போதும் நீதிபதிக்கு வாயில் நன்றியும் வயிற்றில் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ராத்திரி பகலாகத் தேடுகிறவன் நான், கண்டெடுக்கிறவன் இவனா என்று மனசு முணுமுணுத்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

ஒரு மத்தியானம் மைத்துனன் வேலை உடுப்போடு கடைக்குள் வந்தான். ஒரு பெரியம்மா அப்போதுதான் திரையில் கடைசி வரி எழுத்துகளைத் தப்பும் தவறுமாக வாசித்துவிட்டுப் போயிருந்தார். மைத்துனன் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, அதிலிருந்த காசைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். நிக்கல் காசு. ஒரு பக்கம் மீன்பிடிப் படகு, மறுபக்கம் பெரிய காதோடு ஒரு தலைவர்.

பார்த்த மாத்திரத்தில் நீதிபதிக்குத் தெரிந்துவிட்டது. எங்கோ ஒரு சின்ன நாடு. அந்தத் தலைவர் நாற்காலியில் ரொம்ப நாள் உட்காரவில்லை. காசு அடித்த வருஷமே இறக்கிவிட்டார்கள். புத்தகத்தில் இரண்டு லட்சம் என்று போட்டிருந்தது. அதைப் போனால் போகிறது என்று தள்ளினாலும், அவரே ஐந்து வருஷத்தில் அதை ஆறு தடவை இணையத்தில் பார்த்திருந்தார். எல்லாம் கலவையாகக் குவித்து விற்ற காசுகளுக்கு நடுவே கிடந்தவை. அவசரமில்லை, அடுத்தது வரும் என்று ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டார். அதனால் அவரிடம் அது இல்லை. இதோ இவனிடம் இருக்கிறது, அடித்த அன்றைய மினுக்கத்தோடு.

“நல்ல காசுன்னா சொல்லுங்க அத்தான்,” என்றான் மைத்துனன். “எம் பொண்ணு அடுத்த மாசம் வேலைக்குக் கெளம்புறா. அப்பா குடுத்ததுன்னு பெட்டியில பத்திரமா வெச்சுக்கட்டும். உங்களுக்குக்கூட இத குடுக்குறதா இல்ல, இப்பவே சொல்லிட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். தலைவர் காதில் கடுக்கன் போட்டிருக்கிறார் பாருங்கள் என்று காதுமடலுக்குக் கீழே இருந்த ஒரு சின்ன வடுவை விரலால் காட்டினான்.

நீதிபதியின் கை சட்டைப் பைக்குப் போனது. உருப்பெருக்கியைத் தொட்டது. தொட்டுவிட்டு வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

“சாதாரணம்தான் மாப்ளே. நானே ஆறு பார்த்திருக்கேன்.”

அவ்வளவுதானா என்று மைத்துனன் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதைப் பார்த்து அவருக்கு ஒரு திருப்தி உண்டானது. சின்னத் திருப்திதான், ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆனால் உண்டானது உண்டானதுதான். மைத்துனன் உடனே தேறிக்கொண்டு, அப்ப கவலையில்ல, இதுல வேற ஒரு வேலை பண்ணிக்கிறேன் என்று காசைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

அந்த வேலை என்னவென்று மைத்துனன் மகள் வேலை கிடைத்த ஊருக்குப் புறப்பட்ட அன்று தெரிந்தது. நீதிபதியும் மனைவியும் வழியனுப்பப் போயிருந்தார்கள். பெண் புது அறையின் சாவியை மாட்ட அப்பா செய்துகொடுத்த கொத்தை மாமாவிடம் ஆசையாகக் காட்டினாள். தலைவரின் உச்சந்தலையில் துளை போட்டு வளையம் கோத்திருந்தான். துளை பிசிறில்லாமல் சுத்தமாக இருந்தது. அவன் கைவேலை எப்போதும் சுத்தம். அத்தான் சாதாரணம் என்று சொன்ன தைரியத்தில் டிரில்லை வைத்துவிட்டதாக எல்லோரிடமும் பெருமையடித்தான். நீதிபதியும் நன்றாக இருக்கிறது என்றார். நெஞ்சில் ஏதோ குறுகுறுத்தது. பஸ் கிளம்பிய சத்தத்தில் அது அடங்கிவிட்டது.

அது அடங்கவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். ஒரு காசு அபூர்வமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அவர் நீதிபதியை உரையாற்றக் கூப்பிட்டார். நீதிபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புத்தகம் சொல்லும் கணக்கு ஒன்று, கண் சொல்லும் கணக்கு ஒன்று என்பதற்கு உதாரணம் தேடினார். அந்தப் படகுக் காசே பொருத்தமாக இருக்கும் என்று பட்டது. சாப்பாட்டு இடைவேளையில் கடைக் கதவைச் சாத்திவிட்டு, எழுத்து வாசிக்கும் திரையில் ஆறு படங்களையும் பெரிதாக்கி வரிசையாகப் போட்டார்.

முதல் படத்தில் தலைவர் காதில் கடுக்கன் இருந்தது.

இரண்டாவது படம் தலைகீழாக எடுத்தது. திருப்பிப் பார்த்தார். அதிலும் கடுக்கன். மூன்றாவது மஞ்சள் வெளிச்சத்தில் பித்தளை மாதிரி தெரிந்தது, நான்காவது சாம்பல் பூசியதுபோல மங்கலாக இருந்தது. இரண்டிலும் அதே இடத்தில் அதே வடு. ஐந்தாவதில் படகுப் பக்கம் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் பாய்மரத்துக்கு மேலே விளிம்பில் இருந்த ஒரு கீறல் முதல் படத்தோடு விற்றவர் போட்டிருந்த படகுப் பக்கத்தில் இருந்த அதே கீறல். ஆறாவதிலும் கடுக்கன்.

அவர் ஆறு காசு பார்க்கவில்லை. ஒரே காசை ஆறு தடவை பார்த்திருக்கிறார். ஒருவன் வாங்கி, சாதாரணம் என்று நினைத்துக் குவியலில் போட்டு விற்று, அடுத்தவன் வாங்கி, அவனும் அப்படியே விற்று, அந்த ஒற்றைக் காசு ஊர் சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். படங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க இத்தனை வருஷத்தில் தோன்றவே இல்லை. கண் பார்வையைச் சரிபார்த்துப் பிழைக்கிறவர்!

மனைவியின் ஃபோனில் பெண் அனுப்பிய படம் இருந்தது. புது அறைக் கதவில் சாவிக்கொத்து தொங்கியது. பெரிதாக்கிப் பார்த்தார். துளைக்குக் கீழே, காதுமடலில், கடுக்கன். கடைசியாக வாங்கியவர் போய்ச் சேர்ந்திருப்பார், வீட்டார் டப்பாவோடு எடைக்குப் போட்டிருப்பார்கள், அது மைத்துனன் கைக்கு வந்திருக்கிறது. அப்படியும் மனசு ஆறாமல், பல நாட்டுச் சேகரிப்பாளர்கள் கூடும் இணையக் குழுவில் கேட்டுப் பார்த்தார். வேறு யாரிடமும் அது இல்லை. தலைவரை இறக்கியவர்கள் காசையும் வெளியே விடாமல் மொத்தமாக உருக்கிவிட்டதாகக் கேள்வி என்று ஒரு வியாபாரி சொன்னார். உலகத்தில் இன்னொன்று இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. இருக்கிறது என்று காட்டவும் ஆளில்லை.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைக்கு வந்த ஒருவருக்கு வலது கண்ணாடியை இடதில் மாட்டிக் கொடுத்து ஏச்சு வாங்கினார். உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்டால் ஒன்றுமில்லை என்றார். எண்ணிக்கை தவறியதுதான் உறுத்துகிறது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிப் பார்த்தார். மனசு அதற்கெல்லாம் மசியவில்லை. கை பைக்குள் போய்த் திரும்பி வந்தது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. உருப்பெருக்கியை எடுத்திருந்தால் அவன் காட்டிய வடு மனசில் பதிந்திருக்கும். பதிந்திருந்தால் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார். எடுக்காமல் விட்டது மறதியால் அல்ல. அவர் மறதிக்காரர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உரையில் அந்தக் காசைப் பற்றிச் சொல்லாமலே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. ஆனால் முன்வரிசையில் மைத்துனன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அத்தான் பேசப்போகிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் இவருக்கு மறைக்க மனசு வரவில்லை. படங்களைத் திரையில் போட்டார். ஒரே காசை ஆறாக எண்ணிவிட்டதைச் சொன்னார். அதை நம்பி ஒருவர் காசில் துளை போட்டுவிட்டார், தப்பு என்னுடையது என்றார். கண்ணில் படுவதை எண்ணினால் மட்டும் போதாது, பட்டது அதே காசா என்றும் பார்க்க வேண்டும் என்று முடித்தார்.

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. பல் டாக்டர் எழுந்து நின்று, தன் தவறைச் சபையில் ஒப்புக்கொள்ளும் மனசு எத்தனை பேருக்கு வரும், இதனால்தான் இவர் நமக்கு நீதிபதி என்று உருகினார். மைத்துனனுக்கோ தலைகால் புரியவில்லை. அந்தத் துளை போட்ட மகாராசன் நான்தான் என்று எழுந்து நின்றான். ஆளாளுக்கு அவன் தோளைத் தட்டினார்கள். நீதிபதி கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றார். திருடிய வீட்டிலேயே விருந்துக்கு உட்கார்ந்ததுபோல இருந்தது. பாதியைச் சொல்லிவிட்டு முழுசுக்கும் பாராட்டு வாங்கிக்கொண்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

திரும்பும்போது மைத்துனனின் வேனில் வந்தார். பின்னால் கம்பிவடமும் கருவிப்பெட்டியும் குலுங்கின. அவன் வாய் ஓயாமல் ஆறுதல் சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஒரே லிஃப்டை வேறு லிஃப்ட் என்று நினைத்து இரண்டு தடவை கழற்றி மாட்டிய ஆள் நான், இதெல்லாம் ஒரு தப்பா என்றான். உலகத்தில் ஒற்றையாக இருக்கிற காசில் சாவி மாட்டியிருக்கிறவள் என் மகள் ஒருத்திதான், ராணிக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை என்றான். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், அக்கா கவலைப்படுகிறாள் என்றான்.

நீதிபதியால் தாங்க முடியவில்லை. அவன் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்.

“வண்டிய ஓரமா நிறுத்து மாப்ளே.”

நிறுத்தினான். மயக்கமாக வருகிறதா என்று கேட்டான்.

“எண்ணினதுல தப்பு நடந்தது நெசம்தான். ஆனா அன்னிக்கு நீ கொண்டாந்தப்ப நான் லென்ஸையே எடுக்கல. எடுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அது நல்ல காசா இருந்துடக் கூடாதுன்னு நெனச்சேன். ஒங்கிட்ட இருக்கே, அதனால.”

மைத்துனன் சிரிக்கப் பார்த்தான். அத்தான் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. “நான் உங்ககிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“நான் எடுத்ததெல்லாம் உங்களுக்குத்தானே குடுத்தேன்.”

“ஆமா.”

மைத்துனன் வண்டிச் சாவியைத் திருப்பினான். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதற்கும் ஒரு கைதட்டலை எதிர்பார்ப்பதுபோல ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டார். வண்டி கிளம்பியது. வீடு வரும்வரை கருவிப்பெட்டி ஒன்றுதான் பேசியது.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். சமைத்து வைத்திருக்கிறேன், இறங்கி வா என்று தம்பியைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் இறங்கவில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, அவசரம் என்று அக்காவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான். நீதிபதி இறங்கிக் கதவைச் சாத்தப்போகும்போது குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“எங்கிட்ட சொன்னத அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அவ உங்கள ரொம்ப நல்லவர்னு நெனச்சுக்கிட்டிருக்கா.”

வேன் போய்விட்டது. சாப்பிடாமல்கூட ஏன் ஓடுகிறான் என்று மனைவி கேட்டாள். யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்களாம் என்றார் நீதிபதி. பாவம், உள்ளே இருக்கிறவர்களுக்கு மூச்சு முட்டுமே என்று சொல்லிக்கொண்டே அவள் அவருக்குத் தட்டு எடுத்து வைக்கப் போனாள்.